கேட்கும் கருவியும் கேட்கப்படும் குரலும்: மூடிய ஹெட்போன்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

மலையக நாட்டார் பாடல்கள் பற்றி இதுவரை எழுந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை சொற்களைப் பற்றிய ஆய்வுகளே. பாடல் ஏட்டில் எழுதப்படும், எழுதப்பட்டது அச்சேறும், அச்சேறியதை வைத்துக்கொண்டு தொழிலாளரின் துயரம், ஆள்கட்டும் முறை, கங்காணியின் கொடுமை ஆகியன பற்றி ஆய்வாளர் பேசுவர். சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) போன்றோர் அவ்வாறு திரட்டித் தந்திராவிடின் இன்று நம் கையில் எதுவும் எஞ்சியிராது என்பது உண்மை. எனினும் ஒப்பாரியை ஒப்பாரியாக்குவது சொல் மட்டுமன்று. அடியின் ஈற்றில் குரல் உடையும் இடமும், மூச்சு வாங்கும் இடமும், பக்கத்திலிருப்பவள் எடுத்துக்கொடுக்கும் விசும்பலும் சேர்ந்தே அதனை ஒப்பாரியாக்குகின்றன. கைத்தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யத்தக்க இக்காலத்தில் குரலைச் சேமிப்பது எளிதாகிவிட்டது. சேமித்த குரலை எதனைக் கொண்டு கேட்பது என்ற வினா மட்டும் இன்னும் ஒழுங்காக எழுப்பப்படவில்லை.

கலையகங்களிற் பயன்படும் மூடிய ஹெட்போன்களை இந்நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒலிப்பொறியியலாளர் இவற்றை மதிப்பிடும் முறை வேறு. இசைப்பிரியர் மதிப்பிடும் முறை வேறு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிற் குரல்களைத் திரட்ட முனையும் ஒரு மாணவனுக்கு இவை எவ்வளவு தூரம் உதவும் என்பதே இங்கு அளவுகோல்.

சப்ரகமுவவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நுவரெலியாவைப் போல் இங்கு தோட்டங்கள் தொடர்ச்சியாக அமையவில்லை. தேயிலையும் இறப்பரும் கலந்து, சிங்களக் கிராமங்களுக்கிடையே அவை சிதறிக் கிடக்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் பல குடும்பங்கள் இந்தியாவுக்குச் சென்றன. 1977இலும் 1981இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலிருந்து பலர் இடம்பெயர்ந்தனர். எஞ்சியோரிற் பழைய பாடலறிந்த முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. ஆகவே இங்கு செய்யப்படும் ஒவ்வொரு பதிவும் இரண்டாம் முறை செய்ய இயலாத பதிவாக இருக்கக்கூடும். அதனைப் பிழையாகக் கேட்பது ஒரு ஏட்டுச் சுவடியைப் பிழையாகப் பெயர்த்தெழுதுவதற்கு நிகரானது.

1. கருவியின் வரலாறு

ஹெட்போன் இன்பத்துக்காகப் பிறந்த கருவியன்று. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிய செவிக்கருவிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கிக்கொண்டது. தொலைவிலிருந்து வரும் நலிந்த சமிக்ஞையைச் சுற்றுப்புற இரைச்சலிலிருந்து பிரித்தறிவதே அதன் பணி. 1937இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் டி.டி. 48 என்ற கருவியை வெளியிட்டது. 1958இல் ஜோன் கொஸ் இரு காதுக்கும் வெவ்வேறு ஒலியை வழங்கும் கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்த பின்னரே அது இசை கேட்கும் பொருளாயிற்று. 1968இல் சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 414 திறந்த அமைப்புடன் வந்தது. அன்று முதல் திறந்தது, மூடியது என்ற இரு மரபுகள் நிலைபெற்றுள்ளன.

திறந்தவற்றிற் கிண்ணத்தின் பின்புறம் துளைகளுடையது; காற்றும் ஒலியும் தடையின்றிச் சென்றுவரும். மூடியவற்றிற் பின்புறம் அடைபட்டிருக்கும். வெளியொலி உள்ளே நுழைவது குறையும். உள்ளொலி வெளியே கசிந்து ஒலிவாங்கியை அடைவதும் குறையும். பாடகர் காதில் ஒலிப்பதை ஒலிவாங்கி மீண்டும் பதியலாகாது என்பதனாலேயே கலையகங்கள் மூடியவற்றை நாடின. பால்ட்வின் காலத்து நோக்கம், அதாவது இரைச்சலிலிருந்து குரலைப் பிரித்தெடுத்தல், இவ்வகையிலேயே தொடர்கிறதெனலாம். தோட்டத்து நிலைமைக்கு வேண்டியதும் அதுவே.

2. ஒலி

இரத்தினபுரி இலங்கையின் மழைமிகுந்த மாவட்டங்களுள் ஒன்று. லயத்துத் தகரக்கூரையில் மழை விழும்போது எதிரில் இருப்பவர் பேச்சே கேளாது. அவ்வேளையிற் பதிவாகும் ஒலியைக் கவனிக்கத் திறந்த ஹெட்போன் உதவாது. மூடிய கருவி இங்கு தன் திறத்தைக் காட்டுகிறது. எனினும் அத்திறத்துக்கு எல்லை உண்டு. மூடிய கிண்ணம் உயர் மீடிறன் ஒலிகளை நன்கு தடுக்கும். தாழ் மீடிறன் ஒலிகளை அவ்வளவாகத் தடுக்காது. மழையின் சீறலைத் தணிக்கும் அதே கருவி, தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர உறுமலை உள்ளே விட்டுவிடும். பேயர்டைனமிக் டி.டி. 770 புறவொலியை ஏறத்தாழ 18 டெசிபெலும், சென்ஹைசர் எச்.டி. 280 ப்ரோ 32 டெசிபெல் வரையிலும் குறைக்குமென அவற்றின் உற்பத்தியாளர் கூறுவர். இவ்வெண்கள் எல்லா மீடிறனுக்கும் ஒரேபடியாகப் பொருந்தா. ஆகவே தொழிற்சாலைக்கு அண்மையிற் பதிவு செய்யும்போது இயந்திரம் ஓய்ந்த வேளையைத் தேர்வதே முறை; அக்குறையை எந்தக் கிண்ணமும் தீர்க்காது.

புறவொலி தடைபடுவதால் மற்றொரு நன்மையும் விளைகிறது. இரைச்சலை வெல்ல உரப்பைக் கூட்ட வேண்டிய தேவை குறைகிறது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரை கேட்கலாமென்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையுமென்றும் செவிநலம் பற்றிய அளவுகோலொன்று வகுக்கும். பாடலொன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பெயர்த்தெழுதுபவனுக்கு இது புறக்கணிக்கத்தக்கதன்று.

இனி, குரலின் உண்மை பற்றி நோக்குவோம். இன்று பரவலாக அறியப்பட்ட மூன்று கருவிகளை ஒப்பிடலாம்: 1991இல் வெளிவந்த சோனி எம்.டி.ஆர். 7506, 2014இல் வெளிவந்த ஓடியோ டெக்னிக்கா ஏ.டி.எச். எம்50எக்ஸ், டி.டி. 770 ப்ரோவின் 80 ஓம் வகை. மூன்றும் கலையகத்துக்குரியவையெனவே விற்கப்படுகின்றன. ஆயின் மூன்றும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. சோனி உயர் மீடிறன்களைத் தூக்கிக் காட்டும். பேச்சின் சகர ஒலிகளும், ஒலிவாங்கியை விரல் உரசும் ஓசையும் அதில் உடனே புலப்படும். எம்50எக்ஸ் அடியொலிக்குச் சற்று உடல் கொடுக்கும். டி.டி. 770 அடியிலும் உச்சியிலும் எழும்பி, நடுவிற் சற்றே பின்வாங்கி நிற்கும். நகரத்து மெல்லிசைக்கு இவை குறைகளாகத் தோன்றா. சிலருக்கு நிறைகளாகவும் தோன்றலாம்.

தப்பொலியைக் கேட்கும்போது இவ்வேறுபாடு ஆய்வுக்குரிய வேறுபாடாகிறது. தப்பின் தோல் ஈரக்காற்றில் தளரும். ஆதலால் அடிப்பதற்கு முன் தீயிற் காய்ச்சுவர். நன்கு காய்ந்த தப்பின் ஒலி வெடிப்பானது. நேரஞ்செல்ல அது மெல்லத் தாழ்ந்து மந்தமாகும். காமன் கூத்துப் பதிவொன்றில் எவ்விடத்தில் தப்பை மீண்டும் காய்ச்சினர் என்பதைச் செவியாலேயே அறியலாம். அடியொலியை மிகுத்துக் காட்டும் கருவியில் தளர்ந்த தோலும் கம்பீரமாக ஒலிக்கும். உச்சியை மிகுத்துக் காட்டும் கருவியில் அது காய்ச்சிய தோல்போல் மயக்கும். எனவே ஒரே பதிவை இரு கருவிகளிற் கேட்டு ஒத்துப்பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் தகும்.

ஒப்பாரியில் நிலைமை இன்னும் நுண்ணியது. இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றிற் பதிவான ஒப்பாரியில் அடியீற்று விளி ‘மவனே’ என்பதா, ‘மவளே’ என்பதா என்பது கைத்தொலைபேசியின் சிற்றொலிபெருக்கியில் ஐயத்துக்கிடமாகவே இருந்தது. மூடிய ஹெட்போனிற் கேட்டபோது ‘மவளே’ என்பது தெளிவாயிற்று. ஓரெழுத்து மாறினால் இறந்தவர் மாறுகிறார். மகனை இழந்த தாயின் புலம்பல், பிள்ளைப்பேற்றில் மகளை இழந்த தாயின் புலம்பலாகிறது. அதன் பின் பாடலில் வரும் ஆஸ்பத்திரியும் இரவு வழியும் வேறு பொருள் பெறுகின்றன. சொல்லாய்வு செய்வோரும் ஒலிக்கருவி பற்றிக் கவலைகொள்ள வேண்டுமென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

3. வசதி

வசதி என்பது ஆடம்பரமன்று. அரைமணித்தியாலப் பதிவைப் பிழையறப் பெயர்த்தெழுதப் பல மணித்தியாலம் செல்லும். காது வலிக்கத் தொடங்கிய பின் கேட்பவன் ஊகிக்கத் தொடங்குகிறான். ஊகம் தொடங்குமிடத்தில் ஆய்வு முடிகிறது.

நிறையைப் பொறுத்தவரை, கம்பி நீங்கலாக, சோனி 230 கிராம்; டி.டி. 770 ஏறத்தாழ 270 கிராம். எம்50எக்ஸ் 285 கிராம். இவ்வேறுபாடு சிறிதே. தலையை நெருக்கும் அழுத்தமும், காதைச் சூழும் மெத்தையின் பொருளுமே முதன்மையானவை. போலித்தோல் மெத்தை காதை நன்கு அடைக்கும். ஆயினும் சப்ரகமுவவின் புழுக்கத்தில் அரைமணித்தியாலத்துள் வியர்வை ஊறும், நாளடைவில் அத்தோல் செதில்செதிலாக உரியும். டி.டி. 770இன் துணி மெத்தை காற்றோட்டமுடையது. நீண்டநேரம் அணிவதற்கு அதுவே ஏற்றது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மாரிக்காலத்தில் உலர்த்தி வைக்காவிடிற் பூஞ்சணம் பிடிக்கும். நற்பேறாக மூன்றிலும் மெத்தையை மாற்றலாம். கம்பியோ எம்50எக்ஸில் மட்டுமே கழற்றி மாற்றத்தக்கது.

வசதியும் ஒலியும் வெவ்வேறு விடயங்களென எண்ணுதல் தவறு. மூடிய கருவியின் அடியொலி, மெத்தை இடைவெளியின்றிப் பொருந்துவதிலேயே தங்கியுள்ளது. மூக்குக்கண்ணாடியின் காம்பு சிறு இடைவெளி விட்டாலும் அடியொலி வடிந்துவிடும். பாடிய முதியவளுக்கே அவள் குரலைக் கேட்பிக்க விரும்பும்போது அவளுடைய தோடும் பாம்படமும் கொண்டையும் குறுக்கே நிற்கும். தோட்டைக் கழற்றச் சொல்வது பண்பாகாது. இக்கருவிகளை வடிவமைத்தோர் எண்ணிப்பார்த்த தலைகளுள் எங்கள் பாட்டிமாரின் தலை இல்லையென்பது வெளிப்படை.

4. கருவியின் எல்லை

மூடிய ஹெட்போனுக்கெதிராக எழுப்பத்தக்க வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. அது கேட்பவனைத் தனிமைப்படுத்துகிறது. ஒப்பாரி தனியொருத்தியின் பாட்டன்று. கட்டிப்பிடித்து அழும் பெண்கள், வாசலில் நிற்கும் ஆண்கள், ஒருவர் விட்ட அடியை மற்றவர் தொடுக்கும் முறைமை ஆகியன சேர்ந்த நிகழ்ச்சி அது. ஹெட்போனில் அக்குரல் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல் தோன்றும். நெருக்கம் மிகும், இடம் மறையும்.

பதிவு செய்யும் வேளையில் இக்குறை மேலும் பெரிதாகிறது. காதிரண்டையும் மூடிக்கொண்டவன் முன்னிலையில் எவரும் மனந்திறந்து பாடார். தன் காது அடைபட்டிருக்கத் தன் குரலே தனக்குக் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குவதால், பதிவாளனும் இயல்பாகப் பேச இயலாது. ஆகவே பதிவுக்கு இருவர் செல்லுதல் நன்று. ஒருவர் மூடிய கருவியை அணிந்து பதிவைக் கவனிக்கட்டும். மற்றவர் வெறுங்காதோடு பாட்டியின் முன்னமர்ந்து ‘உம்’ கொட்டட்டும். பாட்டு எழுவது இரண்டாமவருக்காகவே.

மற்றோர் ஆபத்தும் உண்டு. நுணுக்கமாகக் கேட்கும் கருவி கிடைத்தவுடன் இருமல், சேவற்கூவல், மழை ஆகியவற்றை நீக்கித் ‘தூய’ பாடலைப் பெறும் ஆசை எழுகிறது. கணினியில் இன்று அது எளிது. ஆனால் மழை இங்கு குறையன்று, சான்று. எந்தக் கூரையின் கீழ் அப்பாடல் பாடப்பட்டதென்பதை அதுவே சொல்லும். மூலப்பதிவை ஒருபோதும் திருத்தலாகாது; திருத்த விரும்புவோர் படியெடுத்துத் திருத்தட்டும்.

விலை பற்றியும் கூறவேண்டும். சோனி கருவியின் விலை 2021ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஏறத்தாழ 100 டொலர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது அதே ஆண்டிலாகும். அன்றைய நாணயமாற்று விகிதத்திற் கணக்கிட்டால், கப்பற்கூலியையும் வரியையும் விட்டுவிட்டாலும், அவ்விலை இருபது நாட் சம்பளத்துக்குச் சமம். கொழுந்து பறிக்கும் தாயின் மகன் தனக்கென இதனை வாங்கவேண்டுமென எவரும் கூறமுடியாது. இது தனியுடைமையாக அன்றிப் பொதுவுடைமையாக இருக்கவேண்டிய கருவி. தமிழ்ச் சங்கமொன்று இரண்டை வாங்கி வைத்து, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவருக்கு முறைவைத்து வழங்குமாயின் சில ஆண்டுகளில் ஒரு குரற்களஞ்சியம் உருவாகும்.

முடிவாக, களத்தில் இரைச்சலையும் பிழையையும் கண்டறியச் சோனி போன்ற கூர்மையான கருவியும், அறையில் நீண்டநேரம் பெயர்த்தெழுத டி.டி. 770 போன்ற துணி மெத்தையுடைய கருவியும் ஏற்றவை. இவ்விரண்டுள் ஒன்றே இயலுமாயின் முன்னதைத் தெரிவு செய்யலாம். காது களைத்தால் ஓய்வெடுக்கலாம், களத்திற் தவறவிட்ட பிழையைத் திருத்த இயலாது. டி.டி. 770 வாங்குவோர் 250 ஓம் வகையைத் தவிர்ப்பது நன்று. விரியலாக்கியின்றிக் கைத்தொலைபேசி அதனைப் போதிய அளவு இயக்காது. பெயர்த்தெழுதிய பாடத்தையோ அச்சுக்கு அனுப்புமுன் தோட்டத்துக்கே எடுத்துச்செல்ல வேண்டும். சாதாரண ஒலிபெருக்கியொன்றை லயத்து வாசலில் வைத்துப் பதிவை ஒலிக்கவிட்டால், எந்தச் சொல் எது என்பதைச் சுற்றியிருப்போர் சொல்லிவிடுவர். எந்தச் செவிக்கருவியின் தீர்ப்பும் அவர்கள் தீர்ப்புக்குப் பின்னதே.