தட்டுக்கு ஏற்ற ஊசி

இசைத்தட்டு கேட்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே கார்ட்ரிட்ஜுக்கு வந்துவிடும். என்ன போட்டிருக்கிறீர்கள், முன்பு என்ன இருந்தது, மாற்றியதில் என்ன தெரிந்தது என்று விசாரிப்பார்கள். ஆர்டோஃபோன் 2எம் ரெட்டில் தொடங்கியவர் ப்ளூவுக்குப் போயிருப்பார். ஆடியோ டெக்னிகாவின் கூம்பு ஊசியில் தொடங்கியவர் நீள்வட்ட ஊசிக்கும், பிறகு மைக்ரோலைனுக்கும் போயிருப்பார். ஒவ்வொரு மாற்றத்தோடும் 'இது அதைவிட மேல்' என்று ஒரு தீர்ப்பு வரும். ஊசி மாற்றிக் கேட்கும் இந்தப் பழக்கத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்புகள் உண்மையில் எதைப் பற்றியவை என்று கேட்டாக வேண்டும். சென்னை மூலக்கொத்தளத்தில் இருந்துகொண்டு பழைய தமிழ்த் தட்டுகளைக் கேட்கிறவனுக்கு இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வழியில்லை.

முதலில் பழக்கத்தின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு என்பது தட்டின் பள்ளத்தில் இரு சுவர்களிலும் வெட்டப்பட்ட நெளிவு. அதை மின்சாரமாக மாற்றுவது கார்ட்ரிட்ஜ். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ போன்ற காந்த வகைக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது வெறும் 4 மில்லிவோல்ட். பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியவையாக இருந்தாலும், ஊசி எடுக்கத் தவறியதை அவற்றால் உண்டாக்கித் தர முடியாது. காசும் கவனமும் போக வேண்டிய இடம் ஊசிமுனைதான் என்று நினைப்பதில் தவறே இல்லை.

இதைவிடப் பெரிய நியாயம், தட்டைக் காப்பது. தேய்ந்த ஊசியின் இரு பக்கமும் பட்டை விழுந்து விளிம்பு கூராகிவிடும். அது ஓடும் இடமெல்லாம் பள்ளத்தின் சுவரைச் சீவிக்கொண்டு போகும். வைரத்துக்கும் ஆயுள் உண்டு. ஆடியோ டெக்னிகா தன் கூம்பு ஊசிக்கு 500 மணி நேரமும், நீள்வட்டத்துக்கு 300 மணி நேரமும், மைக்ரோலைனுக்கு 1000 மணி நேரமும் கொடுக்கிறது. தினம் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு நீள்வட்ட ஊசி ஒரு வருடம்கூட வராது. கல்கத்தா டம்டமில் எச்எம்வி அச்சிட்ட அறுபதுகளின் இ.பி. தட்டை அதே வடிவில் இனி யாரும் அச்சிட்டுத் தரப்போவதில்லை. கார்ட்ரிட்ஜ் ஆர்வம் ஒருவரை ஊசியின் வயதைக் கணக்கு வைக்க வைக்கிறது என்றால், அந்த ஒன்றுக்காகவே அதை வரவேற்பேன்.

குறை, ஒப்பிடும் விதத்தில் இருக்கிறது. வருடக்கணக்கில் ஓடிய பழைய ஊசியைக் கழற்றிவிட்டு, விலை கூடிய புதுக் கார்ட்ரிட்ஜைப் பூட்டுகிறோம். உடனே பாட்டு தெளிகிறது. 'ச', 'ஸ' வரும் இடங்களில் இருந்த கரகரப்பு அடங்குகிறது. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் மேலான கார்ட்ரிட்ஜா, தேயாத வைரமா? அதே பழைய கார்ட்ரிட்ஜுக்கு ஒரு புது ஊசி செருகிக் கேட்காதவரை இதற்குப் பதில் கிடையாது. மாற்றிக் கேட்டவர்களில் இந்த ஒரு படியைச் செய்தவர்கள் மிகக் குறைவு. ஊசியின் முதுமையைக் கார்ட்ரிட்ஜின் தரக்குறைவாக எழுதி வைத்துவிடுகிறோம்.

ஒலியளவு இன்னொரு சிக்கல். 2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட், விஎம்95 மைக்ரோலைன் தருவது 3.5. வால்யூம் திருகைத் தொடாமல் இரண்டையும் கேட்டால் ரெட் ஏறத்தாழ 4 டெசிபல் உரக்கப் பாடும். கொஞ்சம் உரக்கக் கேட்பது நன்றாகக் கேட்பதாகத்தான் காதுக்குப் படும். ஒலியைச் சமப்படுத்தாமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

பூட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கார்ட்ரிட்ஜின்மேல் விழும் பழியில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. ஊசியைத் தாங்கும் கையின் முனையில் உள்ள ஹெட்ஷெல்லில் 12.7 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு திருகுகள். பின்னால் மெல்லிய நான்கு ஒயர்கள்: வெள்ளை இடது, நீலம் அதன் எர்த், சிவப்பு வலது, பச்சை அதன் எர்த். பிறகு அளவு அட்டையை வைத்து, பேயர்வால்ட் கணக்கு என்றால் தட்டின் மையத்திலிருந்து 66, 121 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கும்படி நகர்த்த வேண்டும். எடையை ஊசித் தராசில் பார்க்க வேண்டும்: 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95க்கு 2 கிராம். அதன்பின் கையின் உயரம். எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியைக் கடப்பது வினாடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில். உள்ளே கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதே நெளிவு பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். கோணம் பிசகியிருந்தால் அங்கேதான் தெரியும். முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர் ஊசிக்கு உண்மையான சோதனையே வைக்கவில்லை.

இவ்வளவையும் செய்து முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் முன்பு கேட்ட ஒலி நினைவில் மங்கிவிடும். ஆகையால் இரண்டையும் கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கும் ஒரே போனோ ஆம்ப் வழியாகக் கணினியில் பதிந்து, ஒலியளவைச் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் வேறொருவரைப் போடச் சொல்லிக் கேட்பதுதான் நேர்மையான வழி. இல்லையென்றால் விஎம்95 போன்ற குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். உடல் ஒன்றே இருக்க, ஊசியை மட்டும் உருவி மாற்றலாம். பூட்டிய கோணம் பெரிதாகக் கலையாது. மூவிங் காயில் வகையில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. டெனான் டிஎல்-103இல் ஊசி தேய்ந்தால் முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்துக்காக 1962இல் உருவான அது இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதன் முனை வெறும் கூம்புதான். கூம்பு என்றால் ஆரம்பநிலை என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதுவரை சொன்ன குறைகள் எல்லா ஊருக்கும் பொது. நம் தட்டுகளுக்கு மட்டுமே உரிய ஒன்று இருக்கிறது, அதைத்தான் ஒப்பீட்டுப் பட்டியல்கள் பார்ப்பதே இல்லை.

எங்கள் பக்கத்து நடைபாதைப் பழைய சாமான் கடைகளிலும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் கிடைக்கும் தமிழ்த் தட்டுகள் எங்கிருந்து வந்தவை? 1985இல் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்டில் கைமாறியவையும் இவற்றில் இருக்கும். லேபிளிலேயே ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸின் முத்திரை குத்தியிருப்பதைப் பல தட்டுகளில் பார்க்கலாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்வரை ஆடி மாதம் கூழ் ஊற்றும் அம்மன் கோயில்கள், காதுகுத்து, கல்யாணம், மன்றத் திறப்பு விழா என்று குழாய் ஒலிபெருக்கியில் பாடித் தீர்த்த தட்டுகள் அவை. வீடுகளிலிருந்து வந்தவையும் அதிகம் தப்பவில்லை. பெட்டி பிளேயர்களில் இருந்தது செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். 5 கிராமும் அதற்கு மேலும் அழுத்தும். ஒரு சின்ன நெம்பைத் திருப்பினால் 78க்கு ஒரு முனை, எல்.பி.க்கு ஒரு முனை. அந்த ஊசியைக் காலத்தில் மாற்றியவர்கள் எத்தனை பேர்?

அப்படி ஓடிய கூம்பு முனை, பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே படும். தேய்மானமும் அந்த உயரத்திலேயே பட்டையாக விழும். அதற்கு மேலும் கீழும் சுவர் பல தட்டுகளில் இன்னும் கெடாமல் இருக்கிறது, பாட்டும் அங்கே இருக்கிறது. வழக்கமான 18 மைக்ரான் கூம்பு முனை மறுபடி போய் அதே புண்ணில்தான் உட்காரும். மைக்ரோலைன் முனை சுவரில் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடாகப் படுவதால், முந்தைய ஊசிகள் எட்டாத சுவரையும் தொடும். ஆனால் அடியில் பல வருட அழுக்கு இறுகியிருந்தால் அதையும் சேர்த்து வாசித்துவிடும். தட்டைக் கழுவாமல் ஒப்பிடுபவர் அழுக்கைத்தான் ஒப்பிடுகிறார். இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. பழைய மோனோ தட்டுகளுக்கென்று வரும் 25 மைக்ரான் கூம்பு முனை, தேய்ந்த பட்டைக்கு மேலே ஏறி நிற்கும். விலை குறைந்த இந்த ஊசி, மைக்ரோலைனைவிடச் சுத்தமாகப் பாடும் தட்டுகள் இருக்கின்றன.

அப்படியானால் 'எது மேல்' என்ற கேள்விக்குத் தட்டுக்குத் தட்டு பதில் மாறும். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ தன் டிசி-04 வழிகாட்டியில் சொல்வதும் இந்த வழியைத்தான்: பல அளவு ஊசிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டின் பள்ளத்துக்கும் தேய்மானத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பகத்தில் இருப்பவரும் ஊசிகளை ஒப்பிடுகிறார். கையில் இருக்கும் அந்தத் தட்டுக்காக ஒப்பிடுகிறார். வீட்டில் கேட்பவர்கள் இந்த முறையை எடுத்துக்கொள்ளாமல், ஜாஸ் தட்டையும் மேற்கத்திய சிம்ஃபொனியையும் வைத்து யாரோ போட்ட வரிசையை எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தம் தருகிறது.

சோதனைக்கு நம்மிடமே சரியான பாட்டுகள் இருக்கின்றன. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டைவிடக் கடினமான தேர்வு எந்த ஊசிக்கும் வேண்டாம். நாகசுரத்தின் ஓசையில் உயர் அதிர்வுகள் அத்தனை செறிவு. தேய்ந்த சுவரில் முதலில் கிழிவது அதுதான். குரலும் நாதமும் தனித்தனியாகக் கேட்கிறதா, ஒரே இரைச்சலாகக் குழைகிறதா என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். ஊசி தடுமாறி ஏற்கெனவே உழுதுவிட்ட பள்ளத்தை மட்டும் எந்த வைரமும் சரி செய்யாது. அந்தத் தட்டுக்குச் செலவு செய்யாமல் இருப்பதே நல்லது.

'கொஞ்சும் சலங்கை'ப் பாட்டு மோனோ. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பொதுவாகப் பேசப்படுபவை 1978இல் வந்த 'ப்ரியா'வினுடையவை. அதற்கு முந்தைய நம் படப்பாட்டுத் தட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே மோனோதான். மோனோப் பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜோ மேலும் கீழுமான அசைவையும் எடுக்கும். தூசி, தேய்மானம், அச்சுக் குறைகள் பெரிதும் அங்கேதான் ஒலிக்கின்றன. இரண்டு சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்தால் அந்த மேல்-கீழ் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மோனோ சுவிட்ச் உள்ள ஒரு போனோ ஆம்ப், டி.எம்.எஸ்., சுசீலா இ.பி. தட்டுகளுக்குச் செய்யும் உதவியை, ரெட்டிலிருந்து ப்ளூவுக்குப் போவது செய்யாது. ஆனாலும் கார்ட்ரிட்ஜ் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தச் சுவிட்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திய பிறகு, 'பெட்டி பிரிக்காத பழைய ஷூர் ஊசி' என்று விற்பதற்கு மவுசு கூடியது. போலியும் கூடவே வந்தது. அசலாகவே இருந்தாலும், ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் வளையம் பல கோடைகளில் இறுகியிருக்கக்கூடும். அது வைரத்தைப் பார்த்தால் தெரியாது. இப்போது தயாராகும் ஜப்பானின் ஜிகோ மாற்று ஊசிகள் இதற்கு நல்ல வழி. பேசின் பாலம் பக்கம் ரயில் போகும்போது தரை அதிரும் வீடுகளில், மிக மென்மையான தண்டுள்ள கார்ட்ரிட்ஜைக் கனமான கையில் பூட்டுவதும் சரிப்படாது. கையும் ஊசியும் சேர்ந்து அதிரும் எண் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் தட்டின் நெளிவும் தரையின் அதிர்வும் பாட்டுக்குள் புகும்.

புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால், விஎம்95 போன்ற ஓர் உடலும் கூம்பு, மைக்ரோலைன் என இரண்டு ஊசிகளும் வாங்கச் சொல்வேன். 78 தட்டு வைத்திருந்தால் அதற்கென்று உள்ள மூன்றாவது ஊசியும். அந்த மூன்றாவதைத் தவிர்க்க முடியாது. 78இன் பள்ளத்துக்கு 75 மைக்ரான் அளவு முனை வேண்டும். 18 மைக்ரான் எல்.பி. ஊசியை அதில் வைத்தால் சுவர்களைச் சரியாகத் தொடாமல் பள்ளத்தின் அடியில் புரளும், ஊசியும் கெடும். நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் 78 தட்டில் இரைச்சல்தான் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஊசி போட்டுக் கேட்டீர்கள் என்பதே.