சி. சு. செல்லப்பா: நம்பிக்கையின் ஆதாரம்

செல்லப்பாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் புத்தக மூட்டையும் கூடவே வந்துவிடுகிறது. எழுத்து பிரசுர நூல்களைச் சுமந்துகொண்டு அவர் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியது, திருவல்லிக்கேணி வீட்டு வறுமை, பிடிவாதம் - இவற்றைச் சொல்லி நெகிழ்ந்து முடித்துக்கொள்கிறோம். கஷ்டத்திலும் தன்னம்பிக்கை இழக்காதவர் என்பது நாம் அவருக்கு வழங்கிவிட்ட பட்டம். இந்தப் பட்டத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. கஷ்டப்பட்டதற்காக ஒரு எழுத்தாளனை வணங்குவது, அவனைப் படிக்காமல் இருப்பதற்கு மரியாதையான வழி.

அந்தத் தன்னம்பிக்கை எதன்மேல் நின்றது என்று கேட்க வேண்டும். தன் மேதைமையை நம்புகிறவனுக்குப் பிறர் அங்கீகாரம் தேவைப்படுகிறது. அது வராதபோது புலம்புகிறான். அல்லது கேட்கிறவனுக்கு ஏற்ற சரக்கைத் தயாரிக்கத் தொடங்குகிறான். இரண்டும் நம் சூழலில் தாராளம். செல்லப்பாவின் நம்பிக்கை வேறு தளத்தில் இருந்தது. ஒரு படைப்பின் வார்த்தைகளுக்குள்ளேயே புகுந்து அலசினால் அதன் தரம் தெரிந்துவிடும் என்று அவர் நம்பினார். இது ஒரு முறை; யாரும் எடுத்துப் பரிசோதிக்கலாம், மறுக்கலாம். க. நா. சு. தம் ரசனையின் பலத்தில் பட்டியல் போட்டார். செல்லப்பா ஏன், எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினார். 1974இல் நூலாக வந்த 'தமிழில் சிறுகதை பிறக்கிறது' இதற்குச் சாட்சி. நடை வறண்டது, சொன்னதைத் திரும்பச் சொல்லும். ஆனால் கையில் எடுத்த கதையை விட்டு அவர் பார்வை நகர்வதில்லை.

1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து', கடைசியில் காலாண்டிதழாகி, 1970 வரை 119 இதழ்கள் வந்தது. விமர்சனத்துக்கென்று ஆரம்பித்த பத்திரிகை அது. புதுக்கவிதை அதன் முதல் நோக்கமல்ல. ந. பிச்சமூர்த்தியின் பழைய கவிதையை மறுபிரசுரம் செய்ததைத் தொடர்ந்து புதியவர்கள் எழுதி அனுப்பினார்கள். 1962இல் 'புதுக் குரல்கள்' தொகுப்பு உருவாயிற்று. தன்னை மட்டும் நம்புகிறவன் தன் திட்டத்தைக் காப்பாற்றியிருப்பான். செல்லப்பா வந்த கவிதைகளைப் படித்தார், அவற்றுக்கு இடம் ஒதுக்கினார். வெங்கட் சாமிநாதனும் தருமு சிவராமுவும் எழுத வந்த இடமும் அதுவே. வாசகர் மிகச் சிலரே இருந்தும் பத்திரிகை அத்தனை வருஷம் தாக்குப் பிடித்ததற்கு, பிறர் குரல் உள்ளே வர விட்டதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தபாலில் வரும் ஒரு நல்ல கவிதை அவர் முறையை மறுபடி நிரூபித்துக்கொண்டிருந்தது.

பின்னால் அந்த வரத்து நின்றுவிட்டது. 85ஐ எட்டிய வயதில், 1997இல், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். தாம் பங்கெடுத்து, சிறையும் சென்ற போராட்டத்தைப் பற்றியது. அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. நாவல் என்ற அளவில் எனக்கு அது திருப்தி தரவில்லை. விவரங்கள் நேர்மையாகக் குவிகின்றன, இறுகி உருவம் கொள்ளவில்லை. ஒரு ஜல்லிக்கட்டின் சில மணி நேரத்துக்குள் மாடு, மனிதன், வன்மம் எல்லாவற்றையும் அடக்கிய 'வாடிவாசல்' இதே கை எழுதியதுதான். அங்கே ஒரு வாக்கியத்தை எடுத்தால் கதை குறைபடும். பிறர் கதையில் உபரி வாக்கியத்தைக் கண்டுபிடித்த கண், தன் பக்கங்களில் ஏன் வேலை செய்யவில்லை? அத்தனை பேர் எழுத்தைப் பார்த்துத் தேர்ந்த ஆசிரியருக்கு, கடைசிக் காலத்தில் ஒரு ஆசிரியர் அமையவில்லை என்பதுதான் எனக்குக் கிடைக்கும் பதில். அவர் 1998இல் மறைந்தார். 2001இல் சாகித்ய அக்காதெமி பரிசு கொடுத்தது இந்த நாவலுக்கு. விமர்சகர் செல்லப்பாவைக் கவனிக்கும் பொறுப்பு இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது.

நெருக்கடியில் தன்னை நம்புவது கஷ்டமான காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு ஆள் இல்லாதபோது எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். நம் வட்டமோ சிறியது. அதில் ஒருவர் புத்தகத்தை ஒருவர் புகழ்ந்து தைரியம் சொல்லிக்கொள்கிறோம். மூட்டை சுமக்கவும் பழகியிருக்கிறோம். 'இந்த இருபது பக்கம் வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஒரு வாசகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் நமக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.