தோட்டாவும் குண்டும்

துப்பாக்கி இடம்பெறும் கதைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் ‘தோட்டா அவன் மார்பைத் துளைத்தது’ என்னும் தொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஓசை நயம் உண்டு, பொருட்பொருத்தம் இல்லை. தோட்டா எவர் மார்பையும் துளைப்பதில்லை.

இக்காலத் தோட்டா நான்கு உறுப்புகள் கூடிய ஒரு முழுமையாகும். புறத்தே உறை, அதன் அடியில், தட்டியவுடன் தீப்பொறி கக்கும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. மூடி பற்றியதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அவ்வாயுவின் அழுத்தம் குண்டைக் குழல்வழியே உந்துகிறது. பாய்வது குண்டு ஒன்றே; உறை பின்தங்கிவிடும். பறவை வேட்டைக்குரிய தோட்டாவில் குண்டுக்கு மாறாகச் சிறுமணிகள் பல இருக்கும். அவற்றை ரவை என்பது பொருத்தமான வழக்கு.

குதிரை என்ற பழஞ்சொல்லும் இவ்வாறே இடர்ப்படுகிறது. மூடியைத் தட்டும் உறுப்பே குதிரை. விரல் இழுப்பது விசை. குதிரையைப் பின்னிழுத்து நிறுத்துதல் அச்சுறுத்தல். விசையை இழுத்தல் கொலையாகவும் முடியலாம். இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதும் கதையாசிரியர், தம் கதைமாந்தரின் குற்றத்தையே மாற்றிவிடுகிறார்.

வரலாற்றுப் பாடத்தில் இப்பிழை இன்னும் கேடு செய்யும். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று எண்பீல்டு துப்பாக்கியின் தோட்டா. அதன் உறை காகிதம். உள்ளே மருந்தும் ஈயக் குண்டும் இருந்தன. தீமூடி தனியே பொருத்தப்பட்டது. காகிதத்தின் நுனியைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டிக் குண்டை இடித்துச் செலுத்த வேண்டும். அக்காகிதத்தில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டதென்ற செய்தியே சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தது. ‘குண்டைக் கடிக்க மறுத்தனர்’ என்று எழுதினால், ஈயத்தை ஏன் கடிக்க வேண்டுமென்று மாணவன் வினவுவான். அவ்வினாவிற்கு விடை இராது.

தோட்டா வேற்றுமொழி வழி வந்த சொல் என்று அதனை விலக்கி, எல்லாவற்றையும் குண்டு என்றே எழுதுவோரும் உளர். தூய்மை வேண்டுவது தவறன்று. ஆயினும் இரு பொருளை ஒரு சொல்லில் அடைப்பது தூய்மையாகாது, வறுமையாகும். தோட்டாவுக்கு நிகரான தமிழ்ச்சொல்லை ஆக்கி வழங்கட்டும். அதுவரை வந்த சொல்லை அதன் பொருளிலேயே ஆளட்டும். கட்டுரை திருத்தும் ஆசிரியர், எழுத்துப்பிழைக்கு இடும் சிவப்புக் கோட்டைப் பொருட்பிழைக்கும் இடுதல் கடனாகும்.