போல்ட் ஏறிவிட்டது, அப்புறம்?

1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கை இன்றைய அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு முதலில் களைத்துப்போவது காது. அந்தக் காலத்துக் கியர்பாக்ஸில் உச்ச கியர் 1:1. அதற்கு மேல் ஓவர்டிரைவ் கிடையாது. பின் அச்சின் விகிதம் 3.25, டயரின் உயரம் 25 அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,050 சுற்று சுற்றும். 1980களின் பிற்பகுதி மஸ்டாங்கிலிருந்து கழற்றிய டி-5 என்னும் ஐந்து கியர் பெட்டியை அதில் மாட்டினால், 0.68 விகிதமுள்ள ஐந்தாவது கியரில் அது 2,080-க்கு இறங்கிவிடும். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கத்தாமல் பேசலாம்.

அங்கே இந்த மாற்றம் இவ்வளவு பரவியதற்கு ஃபோர்டின் சிக்கனமும் காரணம். தன் சிறிய வி8 எஞ்சினை அந்த நிறுவனம் 1962 முதல் 1990கள் வரை அடிப்படை அச்சு மாறாமல் வார்த்துவந்தது. தொடக்ககால எஞ்சின்களில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கைப் பிடிக்க ஐந்து போல்ட். 1965 மாடல் முதல் ஆறு. அந்த ஆறு துளைகள் பிறகு இடம் மாறவில்லை. டி-5 வெறும் 34 கிலோ அளவுக்குத்தான் கனக்கும். அதற்கென்று ஒரு குறுக்குச் சட்டம் வாங்கினால் போதும், காரின் தரைத் தகட்டை வெட்டவேண்டியதில்லை. பழைய பெட்டியைக் கொட்டகை மூலையில் போட்டுவைத்தால், விற்கும் நாளில் காரைப் பழையபடி ஆக்கிவிடலாம். பழங்கார்களுக்கு மனிதர்கள் செய்யும் காரியங்களைப் பார்க்கும்போது, இது மிக நாகரிகமானது.

ஆனால் துளை பொருந்திய மகிழ்ச்சியில் கை அடுத்ததையும் சோதிக்காமல் முடுக்கிவிடுகிறது. ஃப்ளைவீலில் நடப்பது அதுதான்.

இந்த எஞ்சின்களின் கிராங்க் ஷாஃப்ட் தன்னளவில் முழுச் சமநிலை கொண்டதல்ல. குறையும் எடையை முன்னால் பேலன்சரிலும் பின்னால் ஃப்ளைவீலிலும் வேண்டுமென்றே ஒருபக்கமாக வைத்து ஈடுகட்டுகிறார்கள். 289 கன அங்குல எஞ்சினுக்கும் பழைய 302-க்கும் அந்த அளவு 28 அவுன்ஸ்-அங்குலம். 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு கிராங்கை இலகுவாக்கி அதை 50 ஆக்கியது. போல்ட் துளைகளை மட்டும் மாற்றவில்லை. ஆகவே பழைய உதிரிக் கடையில் டி-5 வாங்கும்போது கூடவே வரும் 50 அவுன்ஸ் ஃப்ளைவீல், 1965 எஞ்சினில் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மிஞ்சுவது 22 அவுன்ஸ்-அங்குலம். தாளில் அற்பமாகத் தெரிகிற இந்த எண், 3,000 சுற்றில் சுமார் 160 கிலோ எடைக்குச் சமமான விசையாகக் கிராங்கின் கடைசி பேரிங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். அதிர்வு வந்ததும் பலரும் முதலில் சந்தேகப்படுவது புதிதாக வந்த கியர்பாக்ஸைத்தான். பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

கார் எந்த ஆண்டுடையது என்று கேட்டு உதிரிப்பாகம் விற்கும் வழக்கம் இந்தத் தவறை இன்னும் வளர்க்கிறது. அறுபது வயதுக் காரில் பிறந்தபோது இருந்த எஞ்சினே இன்றும் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1965 கூட்டுக்குள் 1988 எஞ்சின் இருந்தால், ஆண்டைப் பார்த்து வாங்கிய 28 அவுன்ஸ் ஃப்ளைவீல் அதே கோளாறைத் தலைகீழாக உண்டாக்கும். கேட்கவேண்டியது பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணை. அதைப் படிக்கக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து அழுக்கைச் சுரண்டவேண்டும். ஃப்ளைவீல் பல்லிலும் 157, 164 என்று இரண்டு வகை உண்டு. ஸ்டார்ட்டரும் பெல் ஹவுசிங்கும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். இந்தத் தவறாவது சாவியைத் திருப்பியதும் கத்திச் சொல்லிவிடும். அவுன்ஸ் கணக்கு அப்படிச் சொல்லாது.

அதைவிடவும் மௌனமானது மையம் விலகுவது. பெல் ஹவுசிங்கின் நடுத்துளையும் கிராங்கின் மையமும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். கியர்பாக்ஸ் தயாரிக்கும் டிரெமெக் நிறுவனம் அனுமதிக்கும் விலகல் 0.005 அங்குலம், ஒரு தாளின் தடிமனைவிடச் சற்றே கூடுதல். டயல் கேஜைக் கிராங்கோடு பொருத்தி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். அதிகமென்றால், மையம் தள்ளிய டவல் பின்களை அடித்துச் சரிசெய்து மறுபடி அளக்கவேண்டும். சலிப்பூட்டும் அரைநாள் வேலை. தவிர்த்தாலும் வண்டி ஓடத்தான் ஓடும். பிறகு ஒருநாள் கியர் தானாக நழுவும், முன் பேரிங் தேயும்.

பெயரை நம்புவதும் ஆபத்து. டி-5 செவர்லே கமாரோவிலும் வந்தது. ஆனால் ஃபோர்டு பெட்டியின் உள்ஷாஃப்ட்டில் பத்துப் பல், கமாரோவுடையதில் 26. கமாரோவில் பெட்டியே சாய்ந்து உட்காரும். டி-5 தாங்கும் திருகுவிசையிலும் பேதம் உண்டு: 1985 முதல் 1989 வரை வந்தவை 265 பவுண்டு-அடி, 1990-க்குப் பின் 300. 1965-இன் நான்கு பேரல் கார்புரேட்டர் கொண்ட 289-க்கு விளம்பரத்தில் போட்டிருந்தது 305. அன்றைய எண்கள் எஞ்சினைத் தனியாக நிறுத்தி எடுத்த மொத்தக் கணக்கு என்பதால் உண்மை நிலை அவ்வளவு பயங்கரமில்லை. நிதானமாக ஓட்டுகிறவருக்கு 265 பவுண்டு-அடிப் பெட்டியே உழைக்கும். சிக்னலில் டயரைப் புகையவிடுகிறவருக்கு உழைக்காது.

போல்ட் பொருந்தினால் மட்டும் போதாது என்ற வாதம் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் இன்னும் கூர்மையாகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 பழைய செவர்லே வி8-களோடு இலகுவாகச் சேரும். ஆனால் அதன் உள்ளழுத்தத்தைத் தீர்மானிப்பது கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு கேபிள். அது சரியான அளவு இழுபடாவிட்டால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும்.

கிட் விற்கிறவர்கள் குறுக்குச் சட்டம், கேபிள், போல்ட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுத் தருவது பெரிய உதவிதான். டயல் கேஜும் பொறுமையும் அதில் வருவதில்லை. வேலை முடிந்ததும் பெல் ஹவுசிங் மேல் 28 அல்லது 50 என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிவைக்க இரண்டு நிமிடம் ஆகுமா? அடுத்து அந்தக் காரை வாங்கி அடியில் படுக்கிறவருக்கு, கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கும் ஒரு நாள் மிச்சமாகும்.