கரிசல் வெயிலுக்கு எந்தக் கேமரா?

பிலிமா டிஜிட்டலா என்ற வழக்கைப் பெரும்பாலும் பிக்சல் கணக்கிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். 2கே என்றால் அகலவாக்கில் 2048 புள்ளிகள், 4கே என்றால் 4096, 35 மி.மீ. நெகட்டிவ் இதில் எதற்குச் சமம் என்று சண்டை. விருதுநகர் வட்டாரத்தைப் படம்பிடிக்க வருகிறவருக்கு இந்தக் கணக்கு அதிகம் உதவாது. சித்திரை மாத நண்பகலில் மேலே வெளுத்த வானம், கீழே வெளிச்சத்தை விழுங்கும் கரிசல் மண், நடுவில் வேர்த்துக் கறுத்த முகம். இந்த மூன்றையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்க வேண்டும். கேமராவுக்கு இங்கே சோதனை அதுதான்.

இதில் பிலிமின் கை ஓங்கியே இருந்தது. நெகட்டிவில் ஒளி கூடக்கூட அடர்த்தி ஏறும் வேகம் குறைந்துகொண்டே போகும். அதனால் வானமும் வெள்ளை வேட்டியும் மெல்ல மெல்லத்தான் வெளுக்கும். சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஓர் அளவுவரைதான் ஒளியை வாங்கும். நிறைந்தபின் வருவது பதிவாகாது. டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்ற நிறத்திருத்த மேசையில் உட்கார்ந்து எவ்வளவு இழுத்தாலும் வெளுத்துப்போன மேகம் திரும்பி வராது. டிஜிட்டல் கேமராமேன்கள் வானத்தைக் காப்பாற்ற எக்ஸ்போஷரைக் குறைத்து வைப்பதும், அதனால் முகங்கள் இருண்டுபோவதும் இந்தப் பயத்தால்தான்.

விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006-இல் ‘வெயில்’ எடுத்தார், ஒளிப்பதிவு ஆர். மதி. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் படம் பார்க்கப் போன மகனை அப்பா நிர்வாணமாக வெயிலில் நிறுத்துகிறார். அந்தப் பையன் வளர்ந்து தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டுகிற ஆபரேட்டர் ஆகிறான். அந்தப் படத்தில் வெயில் வெறும் பின்னணி இல்லை, தண்டனை. பார்க்கிறவன் கண்ணைச் சுருக்கவேண்டும், ஆனால் பையனின் தோலில் உள்ள வெக்கையும் தெரியவேண்டும். பிலிம் இரண்டையும் கொடுத்தது.

டிஜிட்டலால் இது முடியாது என்று சொல்ல வந்தால் ‘கூழாங்கல்’ வாயை அடைத்துவிடும். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். ஒளிப்பதிவு விக்னேஷ் குமுளை, ஜெய பார்த்திபன். மதுரைப் பக்கத்துப் பொட்டல்வெளியில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள், கேமரா விடாமல் கூடவே நடக்கிறது. பிலிமில் ஆயிரம் அடி ரோல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஒவ்வொரு அடியும் காசு. ஒரு சிறுவனை வைத்து நீண்ட ஷாட்டுகளைத் திரும்பத் திரும்ப எடுக்கும் துணிச்சல் சின்னத் தயாரிப்புக்கு எங்கிருந்து வரும்? டிஜிட்டல் அங்கே தந்தது நிறத்தை அல்ல, பொறுமையை. அந்தப் பொறுமையும் படத்தின் தரத்தில் சேர்த்திதான்.

இரவில் நிலைமை இன்னும் சிக்கல். சிவகாசி வாணவேடிக்கையில் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பையும் பேரியம் பச்சையையும் செம்பு நீலத்தையும் தருகிறது. இப்படி ஒரே நிறம் உக்கிரமாக வந்தால் சென்சாரில் அந்த நிறத்தின் சேனல் முதலில் நிரம்பிவிடும், பிறகு மற்றவையும் நிரம்பி நடுப்பகுதி வெறும் வெள்ளையாகும். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் மிஞ்சும். இன்னொரு குறை, பல சென்சார்கள் சட்டகத்தை வரிவரியாகப் படிக்கின்றன. அணுகுண்டுப் பட்டாசு வெடிக்கும் கணத்தில் பாதிச் சட்டகம் வெளிச்சமாகவும் பாதி இருட்டாகவும் வந்துவிடும். விலை உயர்ந்த கேமராக்கள் வேகமாகப் படிப்பதால் அவற்றில் இது குறைவு.

ஆனாலும் இரவுக் காட்சியை டிஜிட்டலுக்கே கொடுப்பேன். கோடாக் இப்போது விற்கும் சினிமா கலர் நெகட்டிவில் மிக வேகமானதே 500 ஐ.எஸ்.ஓ.தான். 2010-இல் வந்த ஆரி அலெக்சாவின் அடிப்படையே 800. பின்னால் வந்த சோனி வெனிஸ் 2500-க்கும் போகும். ஒற்றைக் கம்பி மத்தாப்பு வெளிச்சத்தில் அதைப் பிடித்திருக்கும் பிள்ளையின் முகத்தை, பெரிய விளக்கு எதுவும் இல்லாமல், நிழலின் விவரம் போகாமல் எடுக்கலாம். மேலைநாட்டு லேபுகள் நெடுங்காலம் வெள்ளைத் தோல் முகம் உள்ள அட்டையை வைத்து நிறம் சரிபார்த்தவை. கறுத்த முகங்களுக்கு இந்த நிழல் நுணுக்கம் சின்ன விஷயமல்ல.

பிலிமின் துகள்கள் ஒழுங்கற்றுச் சிதறியிருப்பவை, பிக்சல்கள் வரிசை கட்டி நிற்பவை. கட்டம் போட்ட சேலையின் படத்தை அச்சடித்தால் ஸ்கிரீன் புள்ளியோடு மோதி அலை அலையாகக் கோடு விழும் என்பது சிவகாசி ஆஃப்செட் அச்சகத்துக்காரர்களுக்குத் தெரியும். சென்சாரிலும் விழுவது அதே கோடுதான்.

இரண்டு கேமராக்களையும்விட எனக்குக் கோபம் வரவைப்பது கலரிஸ்ட் மேசையில் நடப்பது. தெற்கத்திக் கதை என்றால் படம் முழுக்க மஞ்சளும் காவியும் பூசிவிடுகிறார்கள். கரிசல் கறுப்பு, வானம் வெள்ளை. இந்த மஞ்சள் எந்த ஊர்? லேபில் பிரிண்ட் போட்ட காலத்தில் ஒரு காட்சியின் நிறச் சமநிலையை மொத்தமாகத்தான் மாற்ற முடியும். டி.ஐ. வந்தபின் எல்லாம் சுலபம், அந்தச் சுலபம்தான் சோம்பேறித்தனமாகிவிட்டது.

பார்க்கிறவன் பக்கம் வந்தால் தீர்ப்பு மாறுகிறது. பிலிம் காலத்தில் சிறிய ஊர்களுக்குப் படப்பெட்டி பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்தபிறகுதான் வரும். ரீல் முடிவில் மழை பெய்வதுபோல் கோடுகள், ஒட்டுப்போட்ட இடத்தில் வசனம் பாதி. நெகட்டிவில் இருந்த அழகு சாத்தூர்த் திரைக்கு வந்து சேர்ந்தால்தானே! இன்று சென்னையில் ஓடும் அதே பிரதி, அதே நாளில், கீறலில்லாமல் இங்கேயும் ஓடுகிறது. கேமராவில் பிலிமுக்குப் பகல்நேரத்தில் அரைப்படி முன்னிலை உண்டு என்பது என் கணிப்பு. திரையரங்கில் டிஜிட்டலுக்கு இரண்டு படி.

அந்த லாபத்தையும் பல அரங்குகள் பல்பில் தொலைக்கின்றன. திரையின் நடுவே 14 ஃபுட்-லாம்பெர்ட் வெளிச்சம் இருக்கவேண்டும் என்பது உலகத் தரம். செனான் விளக்கு ஓட ஓட மங்கும். ஆயுள் முடிந்ததை மாற்றாமல் ஓட்டினால் இரவுக் காட்சி சேறாகிவிடும், பழியோ டிஜிட்டல் மேல் விழும். அடுத்தமுறை திரை மங்கலாகத் தெரிந்தால், கேமராமேனைத் திட்டுவதற்கு முன் இடைவேளையில் மேனேஜரைப் பிடித்து அந்தப் பல்பு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள்.