மால்பும் சூதும்: இடர் அறிந்தும் முயல்வார் நிலை

குறுந்தொகையில் தேன் வேட்டு மலையை நோக்கும் மாந்தர் இருவர் உவமைகளில் இடம் பெறுகின்றனர். ஒருவன், பரணர் பாடிய 60ஆம் பாட்டில் வரும் முடவன். உயர்ந்த வரையில் தொங்கும் தேனிறாலைக் கண்டு, கீழே இருந்தவாறே உள்ளங்கையைக் குழித்து, இறாலைச் சுட்டிக் காட்டி, வெறுங்கையை நக்கி இன்புறுகின்றான். மற்றவன், சிறைக்குடி ஆந்தையார் பாடிய 273ஆம் பாட்டில் வரும் மடவோன். இவன் ஏறியே விடுகின்றான்; ஆனால் தான் கால் வைக்கும் மால்பு பழமையுற்றது என்பதை அறியாது ஏறுகின்றான். மால்பு என்பது மூங்கிலின் கணுக்களையே படியாகக் கொண்ட கண்ணேணி. முடவனுக்குப் பேறும் இல்லை, இழப்பும் இல்லை. மடவோனுக்கோ உயிரே பணயம்.

இவனைப் புலவர் மடவோன் என்றது எதனால்? செங்குத்தான வரையில் ஏறத் துணிந்தமையால் என்று கொள்வது பொருந்தாது. மலைபடுகடாத்தில், மரமேறும் கலையும் செயலற்று நிற்கும் நெடுவரையில் மால்பையே வழியாகக் கொண்டு ஏறித் தேன் கொள்ளும் கானவரைக் காண்கின்றோம். அவர்களை அப்புலவர் மடவர் என்னவில்லை. பயன் பெற்று மகிழ்வோராகவே காட்டுகின்றார். மலை ஒன்றே, தேனும் ஒன்றே. வேறுபாடு ஏணியைப் பற்றிய அறிவில் உள்ளது. ஆகவே சங்கப் புலவர் பழித்தது துணிவை அன்று, ஆராயாமையை என்பது தெளிவாகும். தேனின் இனிமையை நினைந்த நெஞ்சம் ஏணியின் வலிமையைக் கேட்க மறந்துவிடுகின்றது, ‘ஏணி தாங்குமா?’ என்னும் வினாவின் இடத்தில் ‘தேன் எத்துணை இனிது!’ என்னும் வியப்பு வந்து அமர்கின்றது. மனம் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வழி இதுவே.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. 273ஆம் பாட்டு தோழி கூற்று. தலைவன் பிரிவானோ எனக் கவலும் தலைவிக்கு அவள் கூறுவது. உலகின் மயக்கத்திற்கு மடவோனை உவமை காட்டிய அவளே, அடுத்த மூச்சில், நாம் உயிரோடு இருக்கும்வரை அவன் பிரியான் என்று உறுதி மொழிகின்றாள். அவ்வுறுதிக்கு என்ன சான்று உண்டு? பாட்டில் ஒன்றும் இல்லை. பிறர் ஏறும் ஏணியின் பழமையை நன்கு அறிந்தவள், தான் தோழிக்கு நீட்டும் ஏணியை ஆராய்ந்தாளில்லை. புலவர் இதனைக் கருதியே பாடினார் என்று அடித்துக் கூற இயலாது. ஆயினும் பாட்டின் சுவை பெரும்பகுதியும் இம்முரணில்தான் உள்ளது என்பது என் துணிபு.

வள்ளுவர் இதனை இரண்டு முனைகளில் நின்று நோக்குகின்றார். ஆக்கத்தை எண்ணி உள்ள முதலையும் இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்று தெரிந்துசெயல்வகையில் எச்சரிக்கின்றார். ஆள்வினையுடைமையிலோ, ஊழே எதிர்நின்றாலும் தளராது முயல்வார் அதனைப் புறமுதுகு காண்பர் என்று ஊக்குகின்றார். எங்கே நிறுத்துவது, எங்கே தொடர்வது? இவ்வெல்லையை அவர் கோடிட்டுக் காட்டவில்லை. சூது அதிகாரத்தின் இறுதிக் குறளில் (940) வேறொன்று செய்கின்றார். பொருளை இழக்குந்தோறும் சூதன் சூதின்மேல் காதல் மிகுகின்றான். அதுபோலத் துன்பம் உழக்குந்தோறும் உயிர் உடம்பின்மேல் காதல் மிகுகின்றது என்கின்றார். இங்கே சூது உவமை, உயிர்தான் பொருள். அதிகாரம் சூதைப் பற்றியது, அதன் முடிவுக் குறளோ சூதனை உவமையாக்கி உயிரைப் பேசுகின்றது. இழப்பே பற்றுக்குக் காரணமாகும் இயல்பு சூதாடிக்கு மட்டும் உரிய குற்றம் அன்று, உயிர்கள் அனைத்திற்கும் உரியது என்பது இதனால் பெறப்படும். 1979ஆம் ஆண்டில் தானியேல் கானமன், ஆமோசு திவெர்சுகி என்னும் உளநூலறிஞர் இருவர், இழப்பு உறுதி என்று காணும்போது மக்கள் அதனை ஏற்றுக்கொள்ளாது மேலும் இடரை நாடுவர் எனச் சோதனைகளால் காட்டினர். குறள் காட்டும் காட்சிக்கு இது மிக அணித்தானது.

இலக்கியம் தரும் இவ்வகைப்பாடு வாழ்வில் நிற்குமா என ஆராயக் குறிஞ்சி நிலத்தையே நாடுவது தக்கது. நீலமலையில் கீழ்க் கோத்தகிரிப் பகுதி இதற்கு ஏற்ற இடம். மேட்டில் தேயிலை, கீழ்ச் சரிவுகளில் இருளர், குறும்பர் ஊர்கள். குறும்பர் காட்டுக்கொடிகளால் ஏணி அமைத்து, வரையில் தொங்கிப் பெருந்தேனீயின் இறாலை எடுப்பர். மேலே நின்று கொடியைக் காப்பவன் பெரும்பாலும் ஏறுபவனின் மைத்துனன், அதாவது மனைவியின் உடன்பிறந்தான். தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆவதை அவன் விரும்பான் அன்றோ? இடரை மறந்தவர் செயல் அன்று இது. நன்கு அளந்தவர் செயல். மலைபடுகடாத்துக் கானவர் வழியில் வைத்து எண்ணத்தக்கவர் இவர்.

மேட்டு நிலத்துத் தேயிலை உழவரை எவ்வகையில் சேர்ப்பது என்பதே கடினமான வினா. படகர் முதலாய மலையுழவர் தினையும் சாமையும் விட்டுப் பணப்பயிருக்கு மாறிய வரலாற்றை இராஜம் கிருஷ்ணன் 1963இல் ‘குறிஞ்சித்தேன்’ புதினத்தில் படைத்துள்ளார். உருளைக்கிழங்கு ஒரு காலத்தில் இம்மலையின் செல்வமாக இருந்தது. 1961இல் அதன் வேரைத் தாக்கும் நூற்புழு இங்குக் கண்டறியப்பட்டது. பின்னைய ஆண்டுகளில் பலர் தேயிலையை நாடினர். 1965இல் சிறு உழவரின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கெனத் தலைமைக் கூட்டுறவு நிறுவனமாகிய இண்ட்கோசர்வ் தோன்றியது. சோவியத் நாடு வாங்கிய காலம் நல்ல காலம். 1991இல் அந்நாடு சிதைந்தது. அப்பத்தாண்டின் முடிவில் விலை சரியத் தொடங்கி, 2000ஐ ஒட்டிக் கிலோ பச்சைத் தேயிலை 10 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பறிகூலிக்கும் உரத்துக்கும் கட்டாத விலை. ஆயினும் செடிகள் பிடுங்கப்படவில்லை. கவாத்து வெட்டி, கொழுந்து பறித்து, தொழிற்சாலைக்கு அனுப்புவது தொடர்ந்தது.

‘முன்னும் விலை விழுந்து எழுந்தது’, ‘அண்டை வீட்டார் விட்டாரில்லை’ என்பன இத்தகைய நிலையில் எவ்வூர் உழவரும் சொல்லக் கூடிய தேறுதல்கள். இவற்றைச் சூதாடியின் சொற்கள் என்று தள்ளுவது எளிது. நகரத்துப் பொருளியலார் சிலர் அவ்வாறு தள்ளவும் கூடும். எனக்கு அது நேரிய திறனாய்வாகத் தோன்றவில்லை. சூதன் கவற்றைக் கீழே வைத்துவிட்டு எழலாம். தேயிலைச் செடியோ நட்டபின் பறிப்புக்கு வரவே மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும்; வந்தபின் பல பத்தாண்டுகள் நிற்கும். சரிவு நிலத்தில் அதனை அகற்றினால் மண் கரையும். மாற்றுப் பயிர் பயன் தரும் வரை அடுப்பு எரிய வேண்டும். இங்கே ஏணியின் பழமையை அறிந்தே ஏறுகின்றனர். அறியாமை இன்மையால் ஆந்தையாரின் மடவோன் ஆகார். ஏறுதலால் பரணரின் முடவனும் ஆகார். கானவரைப் போல உறுதியான மால்பும் இவர்க்கு வாய்க்கவில்லை.

இந்நான்காமவனுக்குச் சங்கப் பாட்டில் உவமை தேடினேன், குறிஞ்சியில் கிடைக்கவில்லை. வள்ளுவரின் 940ஆம் குறளே இவனுக்கு மிக அருகில் வருகின்றது. அதுவும் அதனைச் சூதுக்கு மட்டும் உரியதாகச் சுருக்காமல், உயிரைப் பற்றிய கூற்றாகக் கொள்ளும்போதே. தேறுதற் சொல் இவன்பால் இடரை மறைக்கும் திரையாக மட்டும் இல்லை. வேறு வழியற்ற இடத்தில் மறுநாள் கூடையைத் தோளில் மாட்டச் செய்யும் கருவியாகவும் உள்ளது. இரண்டும் ஒரே சொல்லில் கலந்திருத்தலின், எதனை எங்கே பிரிப்பது என்பது புறத்தே நிற்பவர்க்கு அரிது. தோழியின் உறுதிமொழியும் அத்தகையதே. அது சான்றற்றது, அதனைக் கேளாவிடின் தலைவி அவ்விரவைக் கழிப்பது எங்ஙனம்?

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் கோத்தகிரிப் பகுதி உழவர், கிலோ பச்சைத் தேயிலைக்குக் குறைந்த விலையாக 33 ரூபாய் 50 காசு வேண்டி உண்ணாநோன்பு இருந்தனர். அவர்கள் கேட்டது பெருந்தேன் அன்று. பறிக்கும் செலவு கட்டும் அளவே.