தானோட்டியா, ஓட்டுநர் துணையா?

பெயரைக் கேட்டதும் பொருள் விளங்க வேண்டும் என்பது மக்கள் எதிர்பார்ப்பு. கடைத்தெருவில் அவ்வெதிர்பார்ப்பு இன்னும் மிகுதி. 'நல்லெண்ணெய்' என்று எழுதிய புட்டியில் வேறோர் எண்ணெய் இருக்குமாயின், அது வெறும் சொற்பிழை அன்று, வணிகப் பிழை. புட்டியின் அடியில் சிறிய எழுத்தில் உண்மையை அச்சிட்டிருந்தாலும் அப்பிழை நீங்கிவிடுவதில்லை.

மின்சாரக் கார் வாங்குவோர் முன் இன்று நிற்கும் கேள்வியும் ஒரு பெயரைப் பற்றியதே. பழைய கார்களில், கடையை விட்டு வண்டி வெளியேறியதும் கொள்முதல் முடிந்தது. புதிய மின்கார்கள் பலவற்றில் அவ்வாறன்று. கேமராக்களும் கணினியும் காரிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. பின்னர் ஒருநாள் கூடுதல் பணம் கட்டினால், வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் மென்பொருள் கம்பியின்றியே வந்து சேர்கிறது. அதுவரை செய்யாத வேலையைக் கார் செய்யத் தொடங்குகிறது. அப்பொருளைக் கையால் தொட்டுப் பார்க்க இயலாது. தட்டிப் பார்க்கவும் இயலாது. வாங்குவோர்க்கு முதற் சான்றாக இருப்பது அதன் பெயர். ஆதலின் அப்பெயரை ஆராயும் கடமை பொறியியலாரோடு மொழியாசிரியர்க்கும் உண்டு.

அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் இத்தகைய ஏற்பாடுகளுக்குச் சூட்டிய இரு பெயர்கள் உலகெங்கும் பரவின. ஒன்று 'ஆட்டோபைலட்', மற்றொன்று 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்'. முன்னதைத் 'தானோட்டி' என்றும் பின்னதை 'முழுத் தானோட்டம்' என்றும் தமிழில் கூறலாம். இவ்விரண்டையும் தமிழ் இலக்கணம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் மூன்று குறைகள் புலப்படும்.

குழூஉக்குறி சந்தைக்கு வந்தது

'ஆட்டோபைலட்' என்பது விமானத்துறைச் சொல். 1914ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கு அருகே லாரன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர், சுழலிக் கருவியின் துணையால் விமானம் நிலைகுலையாமல் பறப்பதைத் தம் கைகளை மேலே உயர்த்திக் காட்டி மெய்ப்பித்தார். அன்று முதல் விமானிகளிடையே அக்கருவி வளர்ந்தது, பெயரும் நிலைத்தது. அவர்களுக்கு அதன் பொருளில் ஐயமே இல்லை. கருவி உயரத்தையும் திசையையும் காக்கும். பொறுப்போ விமானியிடமே இருக்கும். வானத்தில் குறுக்கே ஓடிவரும் குழந்தையும் இல்லை. திடீரெனத் திரும்பும் லாரியும் இல்லை. கருவி கைவிட்டாலும் எண்ணிப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் நேரம் உண்டு.

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி எனப் பள்ளி மாணவரும் அறிவர். பட்டறைக்குள் அச்சொல் குழப்பம் தருவதில்லை. தெருவில் நின்று சொன்னால் கேட்போர் வேறு பொருள் கொள்வர். 'ஆட்டோபைலட்' அடைந்த நிலையும் இதுவே. விமானிகளின் குழூஉக்குறி, 2015ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைக்கு வந்தது. விமானப் பயிற்சி பெறாத மக்கள் அதனைக் காரணப்பெயராகவே கொண்டனர்: தானே ஓட்டுவதால் தானோட்டி! விற்கும்போது காரணப்பெயராக ஒலித்த சொல், வழக்கு மன்றத்தில் விளக்கம் கேட்கப்பட்டபோது குழூஉக்குறியாக மாறிற்று. 'விமானத்திலும் விமானி விழித்துத்தானே இருக்கிறார்?' என்பது அப்பெயருக்காகக் கூறப்பட்ட வாதம். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்கலாம். ஆயின் இலாபம் வரும்போது ஒரு பொருளும் பழி வரும்போது மற்றொரு பொருளும் கொள்ளுதல் நேர்மை ஆகாது.

2016 மே 7ஆம் நாள், ஃபுளோரிடா மாநிலத்தில் ஆட்டோபைலட் இயங்கிய கார் ஒன்று, நெடுஞ்சாலையின் குறுக்கே திரும்பிய லாரியின் மீது மோதியது. காரும் பிரேக் போடவில்லை, மனிதரும் போடவில்லை. ஓட்டுநர் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் தன் முடிவைக் கூறியது. லாரி ஓட்டுநர் வழிவிடாததையும், கார் ஓட்டுநர் கருவியை அளவுக்கு மீறி நம்பியதையும், நெடுநேரம் கவனமின்றி இருக்க இடந்தந்த கருவியின் அமைப்பையும் அது காரணங்களாகக் காட்டியது. பெயர்தான் கொன்றது என்பது மிகை. ஆயினும், அளவுக்கு மீறிய நம்பிக்கை வளர்வதற்கு அப்பெயர் தடையாக இருக்கவில்லை என்பதை மறுத்தல் அரிது.

காலமயக்கம்

இரண்டாவது குறை காலம் பற்றியது. எதிர்காலத்தில் நிகழ இருப்பதை இறந்தகாலத்தில் கூறுவதற்கு நன்னூல் இடந்தருகிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்பன அதற்குரிய காரணங்கள். உணவு முடியாதவன் வாசலில் நிற்கும் நண்பனிடம் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறான். அது வழு அன்று, வழுவமைதி. ஏனெனில் நண்பன் அதற்கு விலை எதுவும் கொடுப்பதில்லை.

முழுத் தானோட்டத்தின் வரலாறு வேறு. தானே முழுவதும் ஓடுவதற்கு வேண்டிய கருவிகள் யாவும் இனி வரும் எல்லாக் கார்களிலும் இருக்கும் என டெஸ்லா 2016 அக்டோபரில் அறிவித்தது. மென்பொருள் பின்னர் வரும்; பணம் முன்னரே கட்டலாம். ஓராண்டு சென்றது, ஈராண்டு சென்றது. நகரச் சாலைகளில் ஓட்டும் சோதனைப் பதிப்பு, குறிப்பிட்ட சிலர் கைக்கு வந்ததே 2020 அக்டோபரில்தான். இதற்கிடையே 2019இல் புதுக் கணினி வந்தது. 2023இல் அதனினும் புதியது வந்தது. 2019ஆம் ஆண்டுக் கணினி உள்ள கார்களில், முழுத் தானோட்டத்தை விலைக்கு வாங்கியவர்களுக்குக் கணினியை மாற்றித் தரவேண்டி வரும் என்று நிறுவனத் தலைவர் ஈலோன் மஸ்க் 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். 'இருக்கிறது' என்று 2016இல் சொல்லப்பட்டது, 'இனி வேண்டும்' என்று 2025இல் திருத்தப்பட்டது. இது காலமயக்கம், ஆனால் வழுவமைதி அன்று.

விலையும் ஒரு நிலையில் நிற்கவில்லை. அமெரிக்காவில் 2020 அக்டோபரில் 10,000 வெள்ளி. 2022 ஜனவரியில் 12,000. அதே ஆண்டு செப்டம்பரில் 15,000. 2024 ஏப்ரலில் 8,000. மாத வாடகை 2021 ஜூலையில் 199 வெள்ளியாகத் தொடங்கி, 2024 ஏப்ரலில் 99 வெள்ளி ஆயிற்று. அவ்வேப்ரல் விலையை அம்மாத வாடகையால் வகுத்தால் 81 மாதங்கள் வரும். ஏறத்தாழ ஏழாண்டுகள் அதே காரை வைத்திருப்பவர்க்கே மொத்த விலை ஊதியமாகும். அவ்வுரிமையும் பொதுவாக வாங்கியவரைச் சாராமல் காரையே சார்ந்திருந்தது. புதுக் காருக்கு அதனை மாற்றிக்கொள்ளும் சலுகை 2023இன் மூன்றாம் காலாண்டில்தான் முதன்முறையாக அளிக்கப்பட்டது. பிப்ரவரி 14க்குப் பின் மொத்த விலைக்கு விற்பதை நிறுத்தி, மாத வாடகைக்கு மட்டுமே தரப்போவதாக 2026 ஜனவரியில் மஸ்க் அறிவித்தார்.

2023 ஜூலையில் மலேசியாவில் டெஸ்லா விற்பனை தொடங்கியபோது, இதே பெயருக்கு 32,000 ரிங்கிட் விலை குறிக்கப்பட்டது. அமெரிக்க நகரத் தெருக்களில் அக்கார் செய்த வேலையை மலேசியத் தெருக்களில் அவ்வாண்டு செய்யவில்லை. பெயர் கடல் கடந்து வந்தது, பொருள் வரவில்லை.

எழுவாய் எது?

மூன்றாவது குறையே தலையாயது. 'இந்த எழுதுகோல் நன்றாக எழுதும்' என்று மக்கள் பேசுகின்றனர். எழுதுவது கை, எழுதுகோல் கருவி. கருவியை வினைமுதல் போலக் கூறுவது உலக வழக்கு. எழுத்தில் பிழை வந்தால் எழுதுகோலை எவரும் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதில்லை என்பதால் அவ்வழக்கால் தீங்கில்லை. 'தானே ஓடும் கார்' என்னும் தொடரில் தீங்கு உண்டு. அங்குப் பெயர் காரை வினைமுதல் ஆக்குகிறது; சட்டமோ ஓட்டுநரையே வினைமுதலாகக் கொள்கிறது.

வாகனப் பொறியியலாளர் சங்கம் ஒன்று 2014இல் வகுத்த பாகுபாடு இங்கே பயன்படும். சுழியம் முதல் ஐந்து வரை அது ஆறு படிகளைக் கூறுகிறது. இரண்டாம் படியில் கார் திசையையும் வேகத்தையும் சேர்த்தே கவனிக்கும். ஆயினும் மனிதர் இமைப்பொழுதும் கண்காணிக்க வேண்டும். மூன்றாம் படியில் குறித்த சூழ்நிலையில் காரே ஓட்டும்; அழைத்தால் மனிதர் பொறுப்பேற்க வேண்டும். நான்காம் படியில், குறித்த எல்லைக்குள் மனிதர் தேவையே இல்லை. மெர்சிடிஸ் நிறுவனத்தின் 'டிரைவ் பைலட்' 2021 டிசம்பரில் ஜெர்மனியில் மூன்றாம் படிக்கு ஒப்புதல் பெற்றது. வேமோ நிறுவனம் 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் நகரில் ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாத வாடகைக் கார்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 'தானோடும்' என்னும் பெயருக்கு உரியது அதுவே. மக்கள் வாங்கி ஓட்டிய டெஸ்லா கார்களில் 'முழு' என்னும் அடை பெற்ற கருவியோ இரண்டாம் படியிலேயே நின்றது.

கண்காணிப்பது எளிய வேலை எனச் சிலர் கருதலாம். லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் உளவியல் அறிஞர் 1983இல் எழுதிய ஆய்வுரை இதற்கு மறுப்பாக அமைகிறது. வேலையின் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டால், மனிதனுக்கு எஞ்சுவது மிகக் கடினமான பகுதி; நெடுநேரம் சும்மா இருந்து, நெருக்கடியில் மட்டும் கைகொடுக்க வேண்டிய அவனிடம் பழக்கமும் கவனமும் குறைந்திருக்கும் என்பது அவர் காட்டிய முரண். கருவி நன்றாக வேலை செய்யச் செய்ய இம்முரண் வளரும். நூறு முறை சரியாகச் சென்ற கார் நூற்றோராம் முறையும் செல்லும் என மனம் நம்பிவிடுகிறது. ஓட்டுநர் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்பதற்காகவே 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 20 இலட்சம் டெஸ்லா கார்களின் மென்பொருள் திருத்தத்திற்கு உள்ளாயிற்று.

மறுபக்கம்

கருவியைப் பழிப்பது இவ்வாராய்ச்சியின் நோக்கம் அன்று. நெடும் பயணத்தில் முன்செல்லும் வண்டியோடு இடைவெளி காத்து, தடத்தின் நடுவே காரை நிறுத்தும் துணை களைப்பைக் குறைக்கிறது. கால் பிந்தினாலும் பிரேக் முந்தும் ஏற்பாடு உயிர் காக்கிறது. அவ்வேற்பாட்டை 2022 செப்டம்பருக்குள் ஏறத்தாழ எல்லாப் புதுக் கார்களிலும் இயல்பாகவே பொருத்துவதாக 20 நிறுவனங்கள் 2016இல் அமெரிக்காவில் உறுதியளித்தன. எனவே கூடுதல் பணத்திற்கு வருவது பெரும்பாலும் வசதியே. அடிப்படைக் காப்பு அன்று. இவ்வேறுபாட்டை அறிந்து வசதிக்காக விலை கொடுப்பவர் ஏமாந்தவர் ஆகார்.

பெயர்கள் திருந்தியும் வருகின்றன. ஏமாற்றும் பெயர்களைத் தடுக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் சீன அரசு 'தானியங்கி ஓட்டம்' போன்ற தொடர்களை விளம்பரங்களில் விலக்குமாறு கார் நிறுவனங்களைப் பணித்தது. டெஸ்லாவும் 2024இல் தன் பெயரோடு 'கண்காணிப்புடன்' என்னும் பொருள்தரும் அடைமொழியைச் சேர்த்தது. 'கண்காணிப்புடன் கூடிய முழுத் தானோட்டம்'! முழுத் தானோட்டமாயின் கண்காணிப்பு எதற்கு? கண்காணிப்பு வேண்டுமாயின் முழுமை எங்கே? பெயருக்கு அடை சேர்ப்பது அதனைச் சிறப்பிக்க. இங்கோ அடை பெயரை மறுக்க வந்தது.

தமிழில் சூட்டும் பெயர்

ஆங்கிலப் பெயரின் குறையைத் தமிழிலும் குடியேற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. செய்தித்தாளிலும் பாடநூலிலும் இவற்றைத் 'தானோட்டி' என்று எழுதினால், அமெரிக்க மன்றங்களில் கேள்விக்கு உள்ளான பொருள் தமிழ்ச் சிறுவர் மனத்தில் கேள்வியின்றிப் பதியும். மனிதர் கண்காணிக்க வேண்டியது எதுவாயினும் அதற்கு 'ஓட்டுநர் துணை' என்னும் பெயரே பொருந்தும். அப்பெயரில் ஓட்டுநர் மனிதர், துணை கருவி. எழுவாய் இடம் மாறவில்லை. ஆளில்லாமல் ஓடும் கார் வரும்போது சூட்டுவதற்குத் 'தானோடும் கார்' என்னும் பெயர் காத்திருக்கட்டும்.

கார் வைத்திருப்பவர் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகளும் இலக்கணக் கேள்விகளே. இது இன்று, இந்நாட்டுச் சாலையில் செய்வது என்ன? அது காலம் பற்றிய கேள்வி. விபத்து நேர்ந்தால் வினைமுதல் யார்? அது எழுவாய் பற்றிய கேள்வி. கட்டும் பணத்தின் பயன் காருக்கா, ஆளுக்கா? அது வேற்றுமை பற்றிய கேள்வி. மூன்றிற்கும் நேரிய விடை கிடைத்தபின் வாங்குவதும் விடுவதும் அவரவர் வசதி.

வழித்துணையாக வருபவர் பேச்சுக்கு உதவுவார். பாதையில் முள் இருந்தால் எச்சரிப்பார். நடக்க வேண்டியவர்க்காக அவர் நடப்பதில்லை. துணையைத் துணை என்று அழைக்கும் வரையில் ஓட்டுநரின் கண் சாலையில் இருக்கும்.